ஃப்ளைட் குலுங்கினதுல அம்மாவுக்கு முதுகெலும்பு உடைஞ்சது, 'ஃபைனல் செட்டில்மென்ட்' பேப்பர் வந்திருக்கு, கையெழுத்து போடலாமா?

ஜன்னல்சீட்31:

வணக்கம். போஸ்ட் கொஞ்சம் நீளம், முன்னாடியே சாரி, எனக்கு சுருக்கமா எழுத வராது.

நானும் அம்மாவும் வெளிநாட்ல இருந்து திரும்பிட்டு இருந்தோம், ரிட்டர்ன் டிக்கெட்டோட ரெண்டாவது பாதி. இறங்க இன்னும் மூணு மணி நேரம் இருக்கும், ட்ரே எல்லாம் வாங்கிட்டு போயிட்டு இருந்தாங்க, அம்மா பாத்ரூம் போயிட்டு சீட்டுக்கு வந்துட்டு இருக்காங்க, இன்னும் ரெண்டே வரிசை தான், அப்போ ஃப்ளைட் ஒரே தூக்கா தூக்கி தொபுக்குனு கீழ இறங்குச்சு. அம்மா மேல போய் லக்கேஜ் பெட்டியில தோள் இடிச்சு, அப்படியே உக்காந்த வாக்குல ஒரு ஆம்ரெஸ்ட் மேல வந்து விழுந்தாங்க. அவங்க செருப்பு ஒண்ணு நாலு வரிசை தள்ளிப் போய் கிடந்துச்சு, இறங்கும்போது யாரோ ஒருத்தர் அதை கொண்டு வந்து என் கையில குடுத்தார். சீட் பெல்ட் லைட் அதுக்கு அப்புறம் தான் எரிஞ்சுது, நான் எங்க வேணும்னாலும் வந்து சத்தியம் பண்ணுவேன். ஏர்லைன் முன்னாடியே எரிஞ்சுதுன்னு சொல்றாங்க.

இறங்கினதும் வீல்சேர்ல ஏர்போர்ட் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்க, வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டார். மறுநாள் ஸ்கேன் எடுத்தா முதுகெலும்புல இடுப்புப் பக்கம் இருக்கற எல்1 எலும்பு நசுங்கியிருக்கு. 11 நாள் ஆஸ்பத்திரி, மூணு மாசம் இடுப்புல பிரேஸ். அம்மா தையல் மெஷின் வெச்சு சம்பாதிச்சவங்க, இப்போ இருபது நிமிஷத்துக்கு மேல உக்கார முடியல. மெஷின் மேல பெட்ஷீட் போட்டு மூடி வெச்சிருக்கோம்.

டிக்கெட் வாங்கினது ஒரு கம்பெனி வெப்சைட்ல, ஓட்டினது அவங்களோட பார்ட்னர் கம்பெனி. இவங்களைக் கேட்டா அவங்ககிட்ட கேளுங்கன்னாங்க, அவங்களைக் கேட்டா இன்ஷூரன்ஸ் ஆளு பேசுவார்னாங்க. அந்த ஆளு ரொம்ப மரியாதையா தான் பேசறார், குறை சொல்ல முடியாது, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மெயில் வரும், இந்த பில் அனுப்புங்க அந்த ரிப்போர்ட் அனுப்புங்கன்னு. இப்போ திடீர்னு நாலு பக்கத்துக்கு ஒரு பேப்பர். ஆஸ்பத்திரி பில்லை விட கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவு தான். அதுல 'இப்போ தெரிஞ்சதும் இனிமே தெரிய வரப்போறதுமான எல்லா உரிமைகளையும் விட்டுக்குடுக்கறேன்'னு ஒரு வரி, அம்மா கையெழுத்து போடணுமாம், 30 நாள் டைம். கூடவே ஒரு லெட்டர், அம்மா எலும்பு வயசானதால ஏற்கனவே பலவீனமா இருந்துச்சு, இருந்தும் நல்லெண்ணத்துல குடுக்கறோம்னு.

கையெழுத்து போடலாமா, இல்ல இன்னும் பேசிப் பார்க்கலாமா? அம்மா போதும்டா விட்டுடுன்றாங்க.

சொல்ல மறந்துட்டேன், இது நடந்து கிட்டத்தட்ட 22 மாசம் ஆச்சு.

நடைமேடை4:

ப்ரோ படிக்கவே கஷ்டமா இருக்கு, அம்மாவை நல்லா பாத்துக்கோங்க. ஆனா என் அனுபவத்துல சொல்றேன், குடுக்கறதை வாங்கிட்டு கிளம்புங்க. காத்து அடிச்சதுக்கு யாரை போய் பிடிப்பீங்க, கடவுள் செயல்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. அவங்ககிட்ட இருக்கற வக்கீல் கூட்டத்துக்கு முன்னாடி நாம எம்மாத்திரம். கோர்ட்டுக்கு போனா வர்ற காசு வாய்தாவுக்கு அலையற செலவுக்கே சரியா போகும்.

பழைய_க்ளெய்ம்ஸ்:

தம்பி, மத்த எல்லாத்தையும் அப்புறம் பேசலாம். கடைசி வரியை ஏதோ மறந்து போனதை சேர்க்கற மாதிரி எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க போஸ்ட்ல முக்கியமான வரியே அது தான்.

சர்வதேச பயணத்துல அடிபட்டா பெரும்பாலும் 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம் தான் சட்டம், 130க்கு மேல நாடுகள் அதுல இருக்கு. அதோட 35வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, போய் சேர்ந்த தேதியில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கோர்ட்ல கேஸ் போடலைன்னா நஷ்டஈடு கேக்கற உரிமையே அழிஞ்சு போயிடும். லேட்டா வந்தா அபராதம் கட்டி போடற விஷயம் இல்ல இது. பேச்சுவார்த்தை நடந்துட்டு இருந்துச்சு, அவங்க மெயில் போட்டுட்டு இருந்தாங்க, அம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, இதெல்லாம் பல நாட்டு கோர்ட்டுகள்ல எடுபடவே எடுபடாது. நீங்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் அது கணக்குல வராது, கேஸ் ஃபைல் ஆகணும்.

நான் ரொம்ப வருஷம் அந்தப் பக்கம் உக்காந்து க்ளெய்ம் ஃபைல் பாத்தவன். மரியாதையா மெயில் போடறது, ரெண்டு மாசத்துக்கு ஒரு பேப்பர் கேக்கறது, 22வது மாசம் 30 நாள் கெடுவோட ஒரு ஆஃபர் அனுப்பறது. அதுல பொய் ஒண்ணும் இல்ல, உங்களுக்கு காலண்டரை ஞாபகப்படுத்தறது அவங்க வேலையும் இல்ல. 30 நாள் நீங்க யோசிச்சு, வேண்டாம்னு சொல்லி, அப்புறம் அவங்க இன்னொரு டாக்டர் ஒப்பீனியன் கேட்டு... கணக்கு போட்டு பாருங்க.

இன்னைக்கே பண்ண வேண்டியது: தேதியை பேப்பர்ல எழுதுங்க, போய் சேர்ந்த நாள் இல்ல, அடிபட்ட நாள்ல இருந்தே எண்ணுங்க, அது இன்னும் பத்திரம். விமான விபத்து கேஸ் பாத்த வக்கீலை இந்த வாரமே பிடிங்க. பேப்பர்ல கையெழுத்து வேண்டாம், 'முடியாது'ன்னு பதிலும் வேண்டாம்.

ஜன்னல்சீட்31:

சார் கை நடுங்குது. ரெண்டு வருஷம்னு ஒருத்தரும் ஒரு தடவை கூட சொல்லல. இருபது மெயில் இருக்கும், எதுலயும் இல்ல. இப்போ தான் எண்ணிப் பாத்தேன், 53 நாள் இருக்கு.

பழைய_க்ளெய்ம்ஸ்:

53 நாள் போதும், பயப்படாதீங்க. ஆனா வீண் பண்ணாதீங்க.

இப்போ நடைமேடை சொன்னதுக்கு வர்றேன். கடவுள் செயல்ங்கற பேச்சு இந்த ஒப்பந்தத்துல முதல் அடுக்குல செல்லாது. ரெண்டு அடுக்கு இருக்கு. முதல் அடுக்கு 151,880 எஸ்டிஆர் வரைக்கும், எஸ்டிஆர்ங்கறது சர்வதேச நாணய நிதியம் (ஐஎம்எஃப்) வெச்சிருக்கற ஒரு பண அளவு, அமெரிக்க டாலர்ல போட்டா சுமாரா 2 லட்சம் வரும். அது வரைக்கும் ஏர்லைன் மேல தப்பே இல்லைன்னாலும் அவங்க பொறுப்பு தான். விபத்து நடந்துச்சு, ஃப்ளைட்டுக்குள்ள நடந்துச்சு, உடம்புல காயம் ஆச்சு, இந்த மூணை காட்டினா போதும். அதுக்கு மேல நஷ்டம் இருந்தா ரெண்டாவது அடுக்கு, அங்க தான் 'எங்க கவனக்குறைவு இல்ல'ன்னு அவங்க வாதாடலாம், ஆனா அதையும் நிரூபிக்க வேண்டியது அவங்க, நீங்க இல்ல.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க, நிறைய பேர் இங்க தான் ஏமாறுவாங்க. 151,880ங்கறது அடிபட்டா கையில குடுக்கற பணம் இல்ல. உங்க நஷ்டம் எவ்வளவுன்னு நீங்க பில்லோட காட்டணும், அந்த எல்லைக்குள்ள இருந்தா மறுக்க முடியாது, அவ்வளவு தான். அதே மாதிரி ஏர்லைனை தண்டிக்கறதுக்குன்னு தனியா காசு கேக்க முடியாது, 29வது பிரிவுல தெளிவா தடை இருக்கு. படத்துல வர்ற மாதிரி கோடி கோடியா எல்லாம் எதிர்பார்க்காதீங்க.

சீட் பெல்ட் விஷயம் சும்மா சொல்லல அவங்க. 20வது பிரிவுல பயணியோட கவனக்குறைவும் காரணம்னு நிரூபிச்சா அந்த அளவுக்கு குறைக்கலாம்னு இருக்கு, அது முதல் அடுக்குக்கும் பொருந்தும். அதுக்கு தான் லைட் எரிஞ்சுதுன்னு அழுத்தி சொல்றாங்க. பக்கத்துல உக்காந்தவங்க, செருப்பு எடுத்துக் குடுத்தவர், யார் நம்பராவது இருக்கா? குலுங்கினப்போ யாராவது வீடியோ எடுத்தாங்களா?

பெட்டிக்காரன்:

இடைல புகுந்ததுக்கு மன்னிக்கணும், எனக்கு பெட்டி சக்கரம் உடைஞ்சு வந்துச்சு போன மாசம், அதுக்கும் ரெண்டு வருஷம் டைம் இருக்கா?

பழைய_க்ளெய்ம்ஸ்:

இல்ல. பெட்டி சேதத்துக்கு கையில வாங்கின 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுத்திருக்கணும். லேட்டா வந்த பெட்டின்னா 21 நாள். புகார் குடுத்திருந்தா தான் அப்புறம் அந்த ரெண்டு வருஷ பேச்சே. தனி த்ரெட் போடுங்க சார்.

வெண்ணிலா_கூடம்:

நான் இங்க படிக்கறதோட சரி, எழுதினதில்ல. உங்க போஸ்ட் பாத்துட்டு எழுதணும்னு தோணுச்சு.

என் அண்ணன் ஒரு விபத்துல போயிட்டான். எந்த ஃப்ளைட், எந்த வருஷம்னு எழுத மனசு வரல. மொத வாரத்துல எங்களுக்கு வந்த ஃபோன்ல பாதி துக்கம் கேக்க, பாதி வக்கீலுங்க. எப்படி நம்பர் கிடைச்சுதுன்னே தெரியல. அமெரிக்காவுல விபத்து நடந்து 45 நாளுக்கு வக்கீல்கள் தாங்களா குடும்பத்தை தேடி வரக்கூடாதுன்னு சட்டமே இருக்காம், எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது, எங்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்ல. ஒருத்தர் வீட்டு வாசல்லயே பேப்பர் நீட்டினார், அண்ணி அப்போ எதுல கையெழுத்து கேட்டாலும் போட்டுருப்பாங்க, நல்லவேளை மாமா வாங்கி வெச்சுக்கிட்டார்.

அந்த பேப்பரை பத்து நாள் கழிச்சு படிச்சோம். வர்ற எல்லா பணத்துலயும் மூணுல ஒரு பங்கு அவருக்கு, ஏர்லைன் உடனடியா குடுக்கற முன்பணத்துலயும் சேர்த்து. அந்த முன்பணத்துக்கு வக்கீலே தேவையில்ல, வாரிசு யார்னு காட்டினாலே குடுக்கறாங்க. ஐரோப்பால வாரிசு யார்னு தெரிஞ்ச 15 நாளுக்குள்ள குடுத்தாகணும்னு விதியே உண்டு. முன்பணம் வாங்கினா கேஸ் போட முடியாதுன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தினாங்க, அது தப்பு, கடைசி தொகையில அதை கழிச்சுப்பாங்க, அவ்வளவு தான். எந்த பேப்பர்ல கையெழுத்து கேக்கறாங்கன்னு மட்டும் பாருங்க, பணம் வாங்கினேன்ங்கறதுக்கு ஒரு ரசீதா, இல்ல உரிமையை விட்டுக்குடுக்கறேன்ங்கறதா.

ஜன்னல்சீட் தம்பிக்கு சொல்ல வந்தது வேற. எங்க கேஸ்ல ரொம்ப நாள் இழுத்தது தப்பு யார் மேலங்கறது இல்ல, அண்ணன் எவ்வளவு சம்பாதிச்சான்ங்கறது தான். சம்பள ஸ்லிப், டாக்ஸ் பேப்பர், வீட்டுக்கு அனுப்பின பணத்தோட பேங்க் ஸ்டேட்மென்ட், பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் ரசீது, எல்லாம். அம்மா தையல் வேலைன்னு எழுதியிருக்கீங்க, ரசீது புக் ஏதாவது இருக்கா? அளவு எழுதி வெச்ச நோட்டு இருந்தா கூட தூக்கி போடாதீங்க, அதுல தேதியும் ஆளும் காசும் இருக்கும்.

யாரோட பொருள்னு தெரியாததை எல்லாம் ஃபோட்டோ எடுத்து ஒரு ஆல்பம் மாதிரி அனுப்பினாங்க. கண்ணாடி, சாவி, ஒத்தை ஷூ, பக்கம் பக்கமா. 63வது பக்கத்துல அவன் சாவிக்கொத்து இருந்துச்சு.

ஜன்னல்சீட்31:

அக்கா, என்ன சொல்றதுன்னு தெரியல. உங்களுக்கு இதை எல்லாம் திரும்ப எழுத வெச்சதுக்கு மன்னிச்சுடுங்க. நோட்டு இருக்கு. ரெண்டு நோட்டு.

ஏட்டுச்சுரைக்காய்:

பழைய க்ளெய்ம்ஸ் சார் சொன்னதுல ஒரு சின்ன திருத்தம், சண்டைக்கு இல்ல. 151,880ங்கறது 28 டிசம்பர் 2024ல இருந்து தான். அதுக்கு முன்னாடி நடந்த விபத்துன்னா 128,821. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை விலைவாசி பாத்து ஐசிஏஓ, அதாவது ஐ.நா.வோட விமானப் போக்குவரத்து அமைப்பு, இதை மாத்தும், 1999ல எழுதும்போது ஒரு லட்சமா இருந்துச்சு. சம்பவத் தேதி எதுக்கு அப்புறம்னு பாத்துக்கோங்க.

ரெண்டு கம்பெனி மாத்தி மாத்தி கை காட்டறது சும்மா. டிக்கெட் வித்தவங்களும் பொறுப்பு, ஓட்டினவங்களும் பொறுப்பு, ஒருத்தர் மேலயோ ரெண்டு பேர் மேலயும் சேர்த்தோ போடலாம், 45வது பிரிவு. உள்ளுக்குள்ள பங்கு பிரிச்சுக்கறது அவங்க பாடு.

எந்த நாட்ல போடறதுங்கறது தான் நான் ரொம்ப யோசிக்க சொல்ற இடம். ஏர்லைன் கம்பெனியோட இருப்பிடம், அதோட முக்கிய ஆபீஸ் இருக்கற இடம், டிக்கெட் வித்த கிளை இருக்கற இடம், பயணம் முடியற இடம், இது பழைய நாலு. மாண்ட்ரியல்ல புதுசா அஞ்சாவதா ஒண்ணு சேர்த்தாங்க, பயணி நிரந்தரமா வசிக்கற நாடு, ஆனா அந்த ஏர்லைன் அங்க சேவை நடத்திட்டு இருக்கணும், இடமும் வெச்சிருக்கணும். ரிட்டர்ன் டிக்கெட்ல 'முடியற இடம்'னா நீங்க மொதல்ல கிளம்பின ஊர் தான், நடுவுல போன நாடு இல்ல. அதனால உங்களுக்கு அநேகமா சொந்த நாட்லயே போடலாம். இதுல ஏன் கவனம்னா, வலிக்கு எவ்வளவு, வருமானத்துக்கு எவ்வளவுன்னு கணக்கு போடறது கேஸ் நடக்கற நாட்டு சட்டம் தான், நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் வரும். வக்கீல் ஃபீஸும் அப்படி தான், சில நாட்ல ஜெயிச்சா ஒரு பங்குன்னு பேசிக்கலாம், சில நாட்ல அப்படி பேசறதே தடை. தப்பான கோர்ட்ல போட்டு, அது எங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு திருப்பி அனுப்பும்போது ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா போச்சு.

இன்னொண்ணு, யாரும் இன்னும் கேக்கல. அரசாங்க விசாரணை அறிக்கை வந்துச்சா? ஐசிஏஓ கணக்குல விரல், மூக்குல ஆகற சாதா முறிவு தவிர எந்த எலும்பு உடைஞ்சாலும் அது 'கடுமையான காயம்', ஃப்ளைட்டுக்குள்ள ஒருத்தருக்கு கடுமையான காயம்னாலே அந்த சம்பவத்துக்கு பேர் விபத்து. உங்க அம்மா எலும்பு உடைஞ்ச உடனே அது சும்மா குலுங்கின ஃப்ளைட் இல்லாம போயிடுச்சு, ஒரு நாட்டோட விசாரணை அமைப்பு அதை பாத்திருக்கணும். 30 நாள்ல முதல்கட்ட அறிக்கை அனுப்பணும், முடிஞ்சா ஒரு வருஷத்துல முழு அறிக்கை, அது பொதுவில போடுவாங்க. லைட் எப்போ எரிஞ்சுதுங்கறதுக்கு அதுல ஒரு வரி இருந்தாலும் இருக்கும். ஆனா அறிக்கை வரட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த விசாரணையோட நோக்கம் அடுத்த விபத்தை தடுக்கறது மட்டும், யார் மேல தப்புன்னு தீர்ப்பு சொல்றது இல்லைன்னு விதியிலயே எழுதியிருக்கு. அமெரிக்காவுல விமான விபத்தை விசாரிக்கற என்டிஎஸ்பியோட அறிக்கையை நஷ்டஈடு கேஸ்ல சாட்சியமாவே எடுக்கக்கூடாது.

நடைமேடை4:

சரி, நான் ஏன் அப்படி சொன்னேன்னு சொல்லிடறேன். எனக்கு ஒரு ஃப்ளைட்ல லேண்டிங் மோசமா ஆகி கழுத்து பிடிச்சு டிஸ்க் நகர்ந்துடுச்சு. ஒரு வருஷம் அலைஞ்சேன். கடைசியா அவங்க ஒரு கிராஃப் காட்டினாங்க, இறங்கின வேகம், அழுத்தம் எல்லாம் ஃப்ளைட் மேனுவல்ல இருக்கற அளவுக்குள்ள தான், அதனால இது விபத்தே இல்லன்னு. அப்படியே விட்டுட்டேன். அந்த கடுப்புல தான் எழுதினேன் ப்ரோ.

ஏட்டுச்சுரைக்காய்:

நடைமேடை, உங்களுக்கு வயிறு எரியும், ஆனா அவங்க சொன்னதுக்கு பலம் இருக்கு. 2021ல ஐரோப்பிய நீதிமன்றம் இதே மாதிரி ஒரு லேண்டிங் கேஸ்ல, இறங்கின அதிர்ச்சி 1.8 ஜி (ஜிங்கறது புவியீர்ப்பை ஒண்ணா வெச்சு அளக்கற அளவு) தான் பதிவாயிருக்கு, விமானத்தோட எல்லை 2 ஜி, இது விபத்து இல்லன்னு சொல்லிடுச்சு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985லயே, பயணிக்கு வெளியில இருந்து வர்ற, எதிர்பாராத, வழக்கத்துக்கு மாறான சம்பவம் தான் விபத்துன்னு சொல்லியிருக்கு, அந்த கேஸ்ல இறங்கும்போது காது செவிடான ஒரு பயணிக்கு ஒண்ணும் கிடைக்கல, ஏன்னா கேபின் அழுத்தம் எப்பவும் போல தான் மாறுச்சு. ஆனா ஆளை தூக்கி மேல இடிக்கற குலுக்கல் எந்த மேனுவல்லயும் வழக்கமான விஷயம் இல்ல. 2019ல ட்ரே மேல இருந்த சூடான காபி ஒரு குழந்தை மேல சரிஞ்சதையே அதே ஐரோப்பிய நீதிமன்றம் விபத்துன்னு எடுத்துக்கிச்சு, காபி ஏன் சரிஞ்சுதுன்னு கூட கண்டுபிடிக்க முடியல.

ஜன்னல்சீட், அம்மாவுக்கு தூக்கம், பயம், இதெல்லாம் எப்படி?

ஜன்னல்சீட்31:

ராத்திரி முழிச்சுக்கறாங்க சார். லிஃப்ட் இறங்கும்போது என் கையை பிடிச்சுக்கறாங்க. அதுக்கு டாக்டர்கிட்ட போகல.

ஏட்டுச்சுரைக்காய்:

கூட்டிட்டு போங்க, கேஸுக்காக இல்லைன்னாலும். உடம்புல காயம் இல்லாம வெறும் மனசு பாதிப்புக்கு கிடையாதுன்னு அமெரிக்காவுல 1991 தீர்ப்பு இருக்கு, ஐரோப்பால 2022ல வைத்தியம் தேவைப்படற அளவுக்கு தீவிரமா இருந்தா குடுக்கலாம்னு மாத்தி சொன்னாங்க. உங்க அம்மாவுக்கு எலும்பு முறிவே இருக்கறதால அவ்வளவு சிக்கல் இல்ல, ஆனா டாக்டர் எழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது.

பழைய_க்ளெய்ம்ஸ்:

திருத்தத்துக்கு நன்றி ஏட்டு, தேதி வெச்சு மாறும்ங்கறதை நான் சொல்லியிருக்கணும்.

'வயசான எலும்பு' லெட்டருக்கு வர்றேன். அடிபட்டவங்களுக்கு வயசு அம்பதுக்கு மேலன்னா இந்த பாரா கண்டிப்பா இருக்கும், நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கேன், பெருமையா சொல்லல. அதுக்கு பதில் எம்ஆர்ஐ. புது முறிவுன்னா எலும்பு மஜ்ஜையில வீக்கம் தெரியும், பழசுன்னா தெரியாது. மறுநாளே எடுத்தது உங்க அதிர்ஷ்டம். எடுத்தது எம்ஆர்ஐயா சிடியா பாருங்க. அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, எப்படி அடிபட்டுச்சுன்னு எழுதியிருக்கற வரியை எனக்கு அப்படியே டைப் பண்ணுங்க.

பணம் பத்தி, ஒரு அளவுக்கு சொல்றேன். 2024 மே மாசம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் பயங்கரமா குலுங்கினப்போ லேசான காயத்துக்கே 10,000 அமெரிக்க டாலர்னு அறிவிச்சாங்க, கடுமையா அடிபட்டவங்களுக்கு 25,000 முன்பணமா மட்டும், முழு தொகை அப்புறம் பேசலாம்னு. 2025 பிப்ரவரில டொரண்டோல தலைகீழா கவுந்த டெல்டா ஃப்ளைட்ல ஆளுக்கு 30,000 டாலர், எந்த நிபந்தனையும் இல்ல, கேஸ் போடற உரிமை பாதிக்காதுன்னு சொல்லி. இதை உங்க ரேட்டா எடுத்துக்காதீங்க, ரெண்டும் உலகமே பாத்த விபத்து. ஆனா ஆஸ்பத்திரி பில்லை குடுத்து 'இனிமே தெரிய வரப்போறதையும்' சேர்த்து எழுதி வாங்கற பேப்பர் எந்த ரகம்னு தெரிஞ்சுக்க உதவும்.

ஜன்னல்சீட்31:

எடுத்தது எம்ஆர்ஐ தான். 'மஜ்ஜை வீக்கம், சமீபத்திய முறிவு'ன்னே எழுதியிருக்கு.

டிஸ்சார்ஜ் சம்மரியில, சார், 'கழிவறையில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது'ன்னு இருக்கு. யார் சொன்னாங்கன்னு தெரியல. பாத்ரூம் போயிட்டு வரும்போதுன்னு நான் தான் சொல்லியிருப்பேன், அவங்க அப்படி எழுதிக்கிட்டாங்க போல. இத்தனை நாள் அந்த வரியை நான் படிக்கவே இல்ல.

பழைய_க்ளெய்ம்ஸ்:

எதிர்பார்த்தேன். இது ரொம்ப சகஜம், அட்மிஷன்ல ராத்திரி ட்யூட்டில இருக்கறவங்க காதுல விழுந்ததை எழுதுவாங்க. ஆஸ்பத்திரிக்கு எழுத்துல ஒரு வேண்டுகோள் குடுங்க, பழசை அடிக்க சொல்லாதீங்க, அது சந்தேகத்தை கிளப்பும், திருத்தக் குறிப்பு ஒண்ணு தேதி போட்டு சேர்க்க சொல்லுங்க. கூடவே அன்னைக்கு ஏர்போர்ட் டாக்டர் குடுத்த சீட்டு, வீல்சேர் கேட்ட பதிவு, கேபின் க்ரூ எழுதின சம்பவ ரிப்போர்ட்டோட காப்பி கேட்டு ஏர்லைனுக்கு ஒரு மெயில். ட்ராவல் இன்ஷூரன்ஸ்ல பில் ஏதாவது வாங்கியிருந்தா அதையும் வக்கீல்கிட்ட மறைக்காம சொல்லுங்க, சில பாலிசியில அவங்க குடுத்ததை திரும்ப வசூல் பண்ற உரிமை இருக்கும்.

ஜன்னல்சீட்31 (ரெண்டு வாரம் கழிச்சு):

அப்டேட். எங்க நாட்லயே இந்த மாதிரி கேஸ் பாத்த ஒரு வக்கீல் கிடைச்சாங்க, ஏட்டு சார் சொன்ன அதே கணக்கு தான் அவங்களும் சொன்னாங்க, பயணம் முடியற இடம்ங்கறதால இங்கயே போடலாம்னு. ரெண்டு கம்பெனி மேலயும் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை ஃபைல் ஆச்சு, நம்பர் வந்துடுச்சு, 39 நாள் மிச்சம் இருக்கும்போது.

விஷயம் தெரிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே இன்ஷூரன்ஸ் ஆளு ஃபோன் பண்ணார், இத்தனை நாள்ல மொத தடவையா ஃபோன். எதுக்கு அவசரம், ரெண்டு வருஷ கெடுவை நாங்களே நீட்டிச்சு லெட்டர் தர்றோம், கேஸை வாபஸ் வாங்குங்க, பேசித் தீர்த்துக்கலாம்னார். வக்கீல் அக்கா சிரிச்சுட்டாங்க, பேசலாம், கேஸ் பாட்டுக்கு கேஸ் இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ஆஃபர் தொகை அதே ஃபோன்லயே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. அம்மா இன்னும் போதும்டான்னு தான் சொல்றாங்க, ஆனா நோட்டு ரெண்டையும் அவங்களே எடுத்து வெச்சு, இது யாரோட ப்ளவுஸ், எவ்வளவு வாங்கினேன்னு எனக்கு சொல்ல சொல்ல எழுதிட்டு இருக்கேன், ஒரு வருஷ கணக்கு முடிஞ்சுது.

செருப்பு எடுத்துக் குடுத்தவரையும் கண்டுபிடிச்சாச்சு. அன்னைக்கு இறங்கும்போது என் ஃபோன்ல அவர் நம்பர் போட்டு குடுத்திருக்கார், 'ஃப்ளைட் அங்கிள்'னு சேவ் ஆகியிருக்கு, எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல. லைட் அப்புறம் தான் எரிஞ்சுதுன்னு அவரும் எழுதித் தர்றேன்னார்.

ஒரு சந்தேகம் மட்டும். அந்த ஆளு இப்போ அம்மாவோட ஒரிஜினல் போர்டிங் பாஸ் தபால்ல அனுப்ப சொல்றார். அந்த பேப்பர்ல பிரிண்ட் எல்லாம் அழிஞ்சு வெறும் வெள்ளையா இருக்கு, சீட் நம்பர்ல ஒரு எழுத்து தான் தெரியுது. ஏறும்போது எடுத்த ஃபோட்டோ ஃபோன்ல இருக்கு.

பழைய_க்ளெய்ம்ஸ்:

ஒரிஜினல் எதையும் யாருக்கும் அனுப்பாதீங்க. இனிமே அவர் நேரா ஃபோன் பண்ணா எடுக்காதீங்க, எல்லாம் வக்கீல் வழியா வரட்டும். அந்த ஃபோட்டோவை ஃபோன்ல மட்டும் வெச்சிருக்காம இன்னைக்கே இன்னும் ரெண்டு இடத்துல காப்பி போட்டு வைங்க தம்பி.